விருந்து யாருடைய செலவில்?

கஞ்சியில் இடும் உப்பை எந்தத் தாயும் தராசில் நிறுத்து இடுவதில்லை. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் வளாகத்தில் பெரிய தேக்சாக்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவோர்கூடக் கையால் அள்ளித்தான் போடுகின்றனர். அடுப்படியில் உள்ள பொருள்களிலேயே மலிவானது உப்பு. அதனால் அதற்குக் கணக்கில்லை.

ஆனால் வாசகர்களே, உப்புக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்த ஒரு காலம், நாம் வாழும் இதே சேலத்திலும் இதே நாமக்கல் சமவெளியிலும் இருந்தது. ஹிஜ்ரி 1294ஆம் ஆண்டின் ரமலான், ஆங்கில ஆண்டு 1877 செப்டம்பரில் பிறந்தது. தமிழ் மக்கள் இன்றளவும் 'தாது வருஷப் பஞ்சம்' என்று பெயர் சொல்லி நினைவுகூரும் கொடும் பஞ்சத்தின் நடுப்பகுதி அது. அந்த நோன்பு கழிந்து, பெருநாளும் கழிந்து, ஆண்டு முடியும் தறுவாயில் ஓர் அரசாணை வந்தது. பஞ்சத்தில் நலிந்து கிடந்த சென்னை மாகாணத்தில் உப்பு வரி உயர்த்தப்பட்டது!

பஞ்சத்தில் வரியை உயர்த்தியவர் யார்? அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடம் எது? இந்நாட்டுக் குடியானவனின் பணம் எவ்வெவ்வாறு செலவாகிறது என்று லண்டன் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று பல ஆண்டுகள் விடாமல் கேட்டுக் கொண்டிருந்த ஒரு மனிதர் உண்டு. அவர் சேலத்தைப் பார்த்தவரல்லர். இந்தியாவையே பார்த்தவரல்லர். பாராளுமன்றத்தில் தம் எதிரே அமர்ந்திருந்தவர்களின் முகங்களைக்கூட அவர் பார்த்ததில்லை. இரு கண்களின் ஒளியையும் இருபத்தைந்தாம் வயதில் இழந்தவர் அவர். ஹென்றி ஃபாசெட் என்பது அவர் பெயர்.

அவருடைய கதையை ஒரு விருந்து மண்டபத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். அந்த மண்டபத்துக்கும் நம் சமுதாய வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1867ஆம் ஆண்டு ஜூலை மாதம். துருக்கியின் உஸ்மானியப் பேரரசர் சுல்தான் அப்துல் அஸீஸ் லண்டன் மாநகருக்கு வருகை தந்தார். உஸ்மானிய சுல்தான்களில் படையெடுப்பாக அன்றி, விருந்தினராக மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்ற முதல்வர் அவரே. பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியைக் கண்டுவிட்டு அவர் இங்கிலாந்துக்கு வந்தார். விக்டோரியா அரசி அவருக்கு உயர்ந்த விருதளித்துச் சிறப்பித்தார். வரவேற்புகளின் சிகரமாக, லண்டனில் புதிதாகக் கட்டப்பட்டிருந்த 'இந்தியா ஆபீஸ்' மாளிகையில் ஆடம்பரமான ஒரு நடன விருந்து ஏற்பாடாயிற்று. மாளிகையின் நடுமுற்றம் விளக்குகளாலும் மலர்களாலும் அலங்கரிக்கப்பட்டது. சீமையின் பிரபுக்களும் சீமாட்டிகளும் திரண்டனர்.

செலவு யாருடையது? இந்திய வருவாயின் கணக்கில் எழுதப்பட்டது. சேலத்துக் கர்ணமும் மணியகாரரும் வசூலித்துக் கஜானாவில் கட்டிய கிஸ்திப் பணமும், உப்பு வரியும், சாராயக் குத்தகையும் ஒன்று சேர்ந்ததுதானே இந்திய வருவாய்? அந்தத் தொகையிலிருந்து லண்டன் மாநகரின் ஓரிரவு விருந்துக்குப் பணம் கொடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1866இல், ஒரிஸ்ஸாவில் பஞ்சம் வந்து ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டிருந்தனர்.

விருந்தாளியின் மீது குற்றமில்லை. அழைக்கப்பட்ட வீட்டில் அடுப்பெரிக்கும் விறகு யாருடையது என்று விருந்தாளி கேட்பது வழக்கமில்லை. அது மட்டுமன்று, அந்த சுல்தானின் தமையனார் சுல்தான் அப்துல் மஜீத், 1847இல் அயர்லாந்து மக்கள் பஞ்சத்தில் தவித்தபோது தம் சொந்தப் பணத்தில் ஆயிரம் பவுன் அனுப்பி உதவியவர். கேள்வி விருந்தளித்தவர்களைப் பற்றியதே.

அந்தக் கேள்வியைப் பாராளுமன்றத்தில் ஃபாசெட் எழுப்பினார். சுல்தானை உபசரிக்க இங்கிலாந்து விரும்பினால் இங்கிலாந்து செலவிடட்டும். அந்த மண்டபத்தைக் கண்ணாலும் காணப் போகாத இந்திய ஏழைகள் ஏன் கொடுக்க வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. உறுப்பினராகி இரண்டே ஆண்டுகள். அன்று அவருக்குத் துணை நின்றோர் மிகச் சிலரே.

பைத்துல் மால் விளக்கில் எரியும் எண்ணெய் பொதுமக்களுடையது என்பதற்காக, சொந்தப் பேச்சு வந்ததும் அந்த விளக்கை அணைத்துவிட்டுத் தம் விளக்கை ஏற்றிய கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றி நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்வோம். லண்டனில் விருந்துண்ட சுல்தானின் பெயரிலும் 'அப்துல் அஸீஸ்' அமைந்தது ஒரு தற்செயல். ஆயினும் இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் அந்த விளக்கின் நினைவு வராமல் போவதில்லை.

இருளில் படித்தவர்

ஃபாசெட் 1833இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று சிறந்த தேர்ச்சி பெற்றார். 1858 செப்டம்பரில் தம் தந்தையுடன் வேட்டைக்குச் சென்றபோது, தந்தையின் துப்பாக்கியிலிருந்து சிதறிய குண்டுகள் அவர் இரு கண்களிலும் பாய்ந்தன. பெற்ற தந்தையின் கையாலேயே பார்வை போயிற்று! அந்தத் தந்தையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? மகனோ, இது தம் வாழ்வின் போக்கை மாற்ற விடுவதில்லை என்று அப்போதே முடிவெடுத்ததாகச் சொன்னார். தாம் வருந்துவதாகக் காட்டிக்கொண்டால் தந்தையின் துயரம் பெருகும் என்பதும் அவர் அறிந்ததே.

1863இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியரானார். 1865இல் பிரைட்டன் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1867இல் மில்லிசென்ட் கேரட் என்னும் இளம்பெண்ணை மணந்தார். பிற்காலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய மில்லிசென்ட் ஃபாசெட் அந்த அம்மையாரே. நாளிதழ்களையும் அரசாங்க அறிக்கைகளையும் கணவருக்குப் படித்துச் சொல்லும் பணியை அவர் மேற்கொண்டார். கட்டுக்கட்டான இந்திய நிதி அறிக்கைகள், எண்களும் பட்டியல்களும் நிறைந்தவை, கண்ணுள்ளவர்களே கொட்டாவி விட்டு மூடிவைத்தவை, அந்த வீட்டில் வரி வரியாக உரக்கப் படிக்கப்பட்டன. கேட்ட எண்களை ஃபாசெட் மனத்தில் பதித்துக்கொண்டார். பின்னர் அவையில் கையில் ஒரு குறிப்புத் தாளும் இன்றி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்தக் கணக்குகளை எடுத்துரைத்தார். அவர்களின் ஒரே மகள் ஃபிலிப்பா, 1890இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் ஆண்கள் அனைவரையும் மிஞ்சிய மதிப்பெண் பெற்றார் என்பதையும் நம் சகோதரிகளுக்காக இங்கே சொல்லி வைக்கிறேன்.

அக்காலத்தில் இந்தியாவின் வரவு செலவுக் கணக்கு லண்டன் பாராளுமன்றத்தில் எப்படி விவாதிக்கப்பட்டது தெரியுமா? கூட்டத் தொடரின் கடைசி நாள்களில், ஆகஸ்ட் மாதத்தில், உறுப்பினர்கள் பெரும்பாலும் வேட்டைக்கும் ஓய்வுக்கும் ஊர் புறப்பட்டுவிட்ட பிறகு அது எடுத்துக்கொள்ளப்படும். காலியான பெஞ்சுகளுக்கு முன்னால் அமைச்சர் கணக்கைப் படிப்பார். கோடிக்கணக்கான மக்களின் ஓராண்டு வாழ்வு ஒரு மாலைப் பொழுதில் தீர்க்கப்பட்டுவிடும். 1870இல் ஃபாசெட் இந்த வழக்கத்தைக் கண்டித்துப் பேசினார். கூட்டத் தொடரின் முற்பகுதியிலேயே கணக்கைக் கொண்டுவர வேண்டும் என்றார். மறு ஆண்டு, இந்திய நிதி நிலையை ஆராயப் பாராளுமன்றக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழுவில் ஃபாசெட்டும் இருந்தார். பெரிய பெரிய அதிகாரிகளைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்தார். அதிகாரிகளின் வாக்குமூலம் மட்டும் போதாது, இந்தியர்களையும் அழைத்துக் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. தாதாபாய் நவ்ரோஜி 1873இல் சாட்சியம் அளித்தது இக்குழுவின் முன்னர்தான்.

எடின்பரோ கோமகன் இந்தியாவுக்கு வந்தபோது வழங்கிய பரிசுப் பொருள்களின் செலவும், 1875இல் வேல்ஸ் இளவரசர் மேற்கொண்ட பயணத்தின் செலவில் ஒரு பங்கும் இந்தியாவின் தலையில் ஏற்றப்பட்டபோதும் அவர் எதிர்த்தார். ஒவ்வொரு முறையும் தோற்றார். பிரைட்டன் வாக்காளர்கள் முணுமுணுத்தனர்: "நமக்கு உறுப்பினரா, இந்தியாவுக்கு உறுப்பினரா?" ஏளனமாகத் தொடங்கிய அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 'இந்தியாவின் உறுப்பினர்' என்றே அவரை அழைத்தனர். 1874 தேர்தலில் பிரைட்டனில் தோற்றார். செய்தி இந்தியாவை எட்டியதும் இங்குள்ளோர் நிதி திரட்டி அவருடைய தேர்தல் செலவுக்கு அனுப்பினர். அதே ஆண்டில் ஹாக்னி தொகுதியிலிருந்து அவர் மீண்டும் அவைக்குள் நுழைந்தார். நமக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில், கடல் கடந்த ஒரு தேர்தலுக்கு நம் முன்னோர் காசு அனுப்பிய செய்தி இது.

தாது வருஷம்

இனி நம் ஊருக்கு வருவோம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுக்க நேர்ந்த நிலப்பகுதிகளில் சேலமும் நாமக்கல்லும் அடங்கும். திருமணிமுத்தாற்றின் கரையில் உள்ள சேலம் ஜாமிஆ பள்ளிவாசலில் திப்பு தொழுததாக ஊரார் இன்றும் சொல்கின்றனர். அவருடைய ஆட்சி போனதும் கம்பெனியின் முதல் கலெக்டராக அலெக்சாண்டர் ரீட் வந்தார். நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவனிடமும் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முதன்முதலில் வடிவம் பெற்றது இந்தச் சீமையில்தான். ரீட்டின் உதவியாளராக இங்கே பயின்ற தாமஸ் மன்றோ பின்னாளில் அதை மாகாணம் முழுவதும் பரப்பினார். ஆகவே, லண்டன் கணக்குப் புத்தகத்துக்கும் சேலத்து மேட்டாங்காட்டுக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகளையும் உள்ளடக்கியது. நாமக்கல் அதில் ஒரு தாலுகா. மேட்டூர் அணை 1934இல்தான் வந்தது; அதற்கு முன் மோகனூர், பரமத்தி வேலூர் போன்ற காவிரிக் கரையூர்களை விட்டு விலகினால் எல்லாம் வானம் பார்த்த பூமி. கம்பு, சோளம், கேழ்வரகு, சாமை. கிணறும் ஏரியும் கைகொடுத்தால் உண்டு. 1876இல் பருவ மழை பொய்த்தது. ஏரிகள் வெடித்தன, கிணறுகள் வற்றின. சேலத்துக்கு 1861இலேயே ரயில் வந்துவிட்டது. வெளியூர்த் தானியம் ரயிலில் வந்து இறங்கத்தான் செய்தது. வாங்குவதற்குக் கையில் காசுதான் இல்லை. துணி வாங்க எவரும் இல்லாததால் தறிகளும் நின்றன.

இந்நிலையில் 1877 ஜனவரி முதல் நாள், வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் மாபெரும் தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பறைசாற்றினார். அம்மாதமே சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்தும் பொருட்டுச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண் மகனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் அதற்கு மேல் ஓர் அணாவும் போதும் என்பது அவர் தீர்ப்பு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இவ்வளவில் உழைக்கும் உடல் தாங்காது என்று வெளிப்படையாகவே போராடினார். சில மாதங்களில் அரசு கூலியைச் சற்று உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனை உயிர்கள்!

1871 மக்கள் கணக்கில் சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1881 கணக்கில் ஏறத்தாழ 16 லட்சம். பத்தாண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய தொகை, ஐந்தில் ஒரு பங்களவு குறைந்துவிட்டது. இறந்தவர்கள் எத்தனை பேர், ஊரை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், பிறவாமலே போன பிள்ளைகள் எத்தனை என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இந்தப் பஞ்சத்துக்கு அரசு ஏராளமாகச் செலவிட்டது என்பதும் உண்மையே. அதனால்தான் நிதியமைச்சர் சர் ஜான் ஸ்ட்ரேச்சி ஒரு திட்டம் வகுத்தார். இனிப் பஞ்சம் வந்தால் சமாளிக்க ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவது என்றும், அதற்காகப் புதிய வரிகள் போடுவது என்றும் தீர்மானித்தார். வியாபாரிகள் மீதும் கைத்தொழிலாளர் மீதும் லைசென்ஸ் வரி வந்தது. சென்னை, பம்பாய் மாகாணங்களில் உப்பு வரி மணங்குக்கு ஒரு ரூபாய் பதின்மூன்று அணாவிலிருந்து இரண்டு ரூபாய் எட்டணாவாக உயர்ந்தது.

இதை அடுப்படிக் கணக்காக்கிப் பார்ப்போம். அந்த மணங்கு ஏறத்தாழ 37 கிலோ. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு, ஊறுகாய், கருவாடு, கஞ்சி எல்லாம் சேர்த்து, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மணங்கு உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி மட்டும் நாற்பது அணா. டெம்பிள் துரை வகுத்த நிவாரணக் கூலியில் தானிய விலை போக நின்றது ஒரு நாளைக்கு ஓர் அணா. நாற்பது நாள் மண் சுமந்த காசு உப்பின் வரிக்கே போக வேண்டும்! பஞ்சத்தில் கூலி வேலைக்கு வந்தவனும் இதைக் கொடுத்தான், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரையும் இதே விகிதத்தில்தான் கொடுத்தார்.

காபூலுக்குப் போன காசு

மக்கள் முணுமுணுத்தாலும், அடுத்த பஞ்சத்துக்கென்று சேமிப்பதாகச் சொல்லித்தானே வாங்குகிறார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள இடமிருந்தது. அந்த ஆறுதலும் நீடிக்கவில்லை. 1878 நவம்பரில் லிட்டன் பிரபு ஆப்கானிஸ்தானின் மீது போர் தொடுத்தார். அமீர் ஷேர் அலீ கான் ரஷ்யத் தூதுக்குழுவை காபூலில் ஏற்றார், ஆங்கிலத் தூதுக்குழுவை எல்லையிலேயே திருப்பிவிட்டார் என்பதுதான் காரணம். இரண்டு பேரரசுகளின் போட்டியில் ஒரு முஸ்லிம் நாடு மிதிபட்டது. அதற்கான கூலியை இந்தியாவின் ஏழைகளிடமே வாங்குவது என்று முடிவாயிற்று.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. இந்திய ஆட்சியைக் கம்பெனியிடமிருந்து அரசி எடுத்துக்கொண்ட 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் படையெடுப்புக்கு இந்திய வருவாயைச் செலவிடப் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் இசைய வேண்டும் என்கிறது. எல்லையில் எதிரி வந்துவிட்டால் மட்டும் விலக்கு. ஆகவே 1878 டிசம்பரில் அரசு அவையின் முன் வந்து இசைவு கேட்டது. அந்த இசைவை மறுக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் ஃபாசெட்.

அவருடைய வாதம் உணர்ச்சிக் கொந்தளிப்பன்று. கணக்குப் பிள்ளையின் வாதம். இப்போர் ஐரோப்பிய அரசியலுக்காக, பேரரசின் நலனுக்காக நடக்கிறது என்று அமைச்சர்களே சொல்கின்றனர். எனில் பேரரசின் தலைநகரமல்லவா செலவை ஏற்க வேண்டும்? இந்தியாவோ நேற்றுதான் பஞ்சத்திலிருந்து எழுந்த நாடு. அதன் வருவாய் இழுத்தால் நீளும் வருவாயன்று. உப்பு வரியை உயர்த்துவதைத் தவிர வேறு வழி தெரியாத அரசு, இன்னும் எங்கே கை வைக்கும்? பஞ்சத்துக்கென்று சொல்லி வாங்கிய வரியின் மீதப்பணத்தைப் போருக்குத் திருப்புவது கொடுத்த வாக்கை மீறுவதாகும். இப்படி அடுக்கிக்கொண்டு போனார்.

வாக்கெடுப்பில் தோற்றார். போர் நடந்தது, வரியும் நடந்தது. பஞ்ச நிதி என்று பெயர் வைத்த ஒதுக்கீடு 1879இல் நிறுத்தி வைக்கப்பட்டது.

தோற்றவருடைய பேச்சு வீணாயிற்றா என்றால், முழுவதும் அப்படிச் சொல்வதற்கில்லை. 1879ஆம் ஆண்டு ஒரு மாதப் பத்திரிகையில் அவர் எழுதத் தொடங்கிய இந்திய நிதி பற்றிய கட்டுரைகள், 1880இல் நூலாக வந்து இங்கிலாந்தில் பரவலாகப் படிக்கப்பட்டன. அவ்வாண்டுத் தேர்தலில் லிட்டனை அனுப்பிய கட்சி தோற்றது. புதிய பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு ஆப்கானியப் போர்ச் செலவில் ஐம்பது லட்சம் பவுனை இங்கிலாந்து ஏற்கும் என்றது. மொத்தச் செலவில் அது ஒரு பகுதியே. ஆயினும் இந்திய வருவாய் என்பது லண்டன் நினைத்தபோதெல்லாம் கைவிட்டு எடுக்கும் பெட்டியன்று என்பது பணத்தால் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இவ்வளவு புகழ்ந்த பின், சொல்லாமல் விடக் கூடாத சிலவும் உண்டு. ஆங்கில ஆட்சி அகல வேண்டும் என்று ஃபாசெட் ஒருநாளும் கேட்கவில்லை. அது நேர்மையான கணக்கு வைத்திருக்க வேண்டும் என்றே கேட்டார். பஞ்ச காலத்தில் தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்று டெம்பிளும் லிட்டனும் எந்தப் பொருளாதாரப் பாடத்தைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டனரோ, அதே பாடத்தைக் கேம்பிரிட்ஜில் கற்பித்த பேராசிரியர்களில் ஃபாசெட்டும் ஒருவர். ஏழையின் பணத்தை எடுக்காதே என்று சொல்லத் தெரிந்த அந்தக் கல்விக்கு, ஏழைக்குக் கொடு என்று சொல்ல அவ்வளவாக நா எழவில்லை. 1880இல் கிளாட்ஸ்டன் அவரைத் தபால் இலாகாவின் தலைவராக்கினார். பார்சல் தபால், போஸ்டல் ஆர்டர், சிறுசேமிப்பு எனப் பல நல்ல காரியங்களை அங்கே செய்தார். பெண்களுக்கு வேலை வாய்ப்பைப் பெருக்கினார். ஆனால் அரசில் பதவி ஏற்றவர் அரசை எதிர்த்துப் பேச முடியாதே! 'இந்தியாவின் உறுப்பினர்' என்ற இருக்கை ஏறத்தாழக் காலியாயிற்று. 1884 நவம்பர் 6ஆம் நாள், ஐம்பத்தோராம் வயதில், இறந்தார். மறு ஆண்டின் இறுதியில் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை கூடியது. நவ்ரோஜி 1892இல் லண்டனிலேயே தேர்தலில் வென்று அந்தப் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார்.

உப்பின் கதை அதோடு முடியவில்லை. 1882இல் ரிப்பன் பிரபு காலத்தில் மணங்குக்கு இரண்டு ரூபாயாகக் குறைந்தது. 1888இல் மறுபடியும் இரண்டரை ரூபாயாக ஏறியது. பஞ்சம் ஓய்ந்த 1878ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில், லண்டனில் ஃபாசெட் ஆப்கானியப் போர்ச் செலவை எதிர்த்துப் போராடிய அதே மாதத்தில், சேலம் மாவட்டம் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பின்னாளில் சேலத்தில் வக்கீலாகவும் சேலம் நகராட்சியின் தலைவராகவும் விளங்கிய ராஜாஜி அவர். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை தொண்டர்களை நடத்திச் சென்று தடையை மீறி உப்பு அள்ளினார். அந்த நடைப்பயணத்துக்கென்று பாட்டு எழுதிக் கொடுத்தவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. தாது வருஷத்தில் உப்புக்கு வரி கொடுத்த அதே இரு சீமைகளின் பிள்ளைகள்!

வரியை இறுதியாக எடுத்தவர் யார் என்பதைப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. விடுதலைக்கு முந்தைய இடைக்கால அரசில் நிதிப் பொறுப்பில் இருந்த லியாகத் அலீ கான், 1947 பிப்ரவரி கடைசி நாளன்று படித்த வரவு செலவுத் திட்டத்தில் உப்பு வரியை நீக்குவதாக அறிவித்தார். அவ்வாண்டு ஜூலையில் ரமலான் பிறந்தபோது, சேலத்திலும் நாமக்கல்லிலும் கஞ்சித் தேக்சாக்களில் விழுந்தது வரியில்லாத உப்பு.